பரியேறு சிலை: ‘ஈக்வெஸ்ட்ரியன் ஸ்டாச்சு’வுக்குத் தமிழ் என்ன?

சென்னை தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் அமர்ந்த கோலத்தில் நிற்கிற முன்ரோ சிலையை எல்லோருக்கும் தெரியும். முன்ரோ ஆங்கிலேயர் காலத்தில் சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர். அந்த வகைச் சிலைக்கு ஆங்கிலத்தில் ஈக்வெஸ்ட்ரியன் ஸ்டாச்சு என்று பெயர். தமிழில் பெரும்பாலும் ‘குதிரைச் சிலை’ என்று எழுதிவிடுகிறோம். எனக்கு அது சரியாகப் படவில்லை, ஏனென்றால் அய்யனார் கோயிலில் வரிசையாக நிற்கும் மண்குதிரைகள்தான் குதிரைச் சிலைகள். மேலே ஆள் உட்கார்ந்திருப்பதைச் சொல்ல வேறு சொல் வேண்டும்.

லத்தீனில் ‘எக்வுஸ்’ என்றால் குதிரை, ‘எக்வெஸ்’ என்றால் குதிரையில் போகிறவன். பண்டைய ரோமில் செனட்டர்களுக்கு அடுத்த படியில் இருந்த உயர்குடியினருக்கும் அதே பெயர்தான். அந்த ‘எக்வெஸ்’ என்பதிலிருந்து வந்ததுதான் ஈக்வெஸ்ட்ரியன், அதாவது சொல்லின் கனம் குதிரையின் மேல் இல்லை, ஏறியிருப்பவர் மேல் இருக்கிறது. ரோமில் இன்றும் இருக்கும் மார்க்கஸ் ஆரேலியஸ் பேரரசரின் வெண்கலச் சிலைதான் ஐரோப்பாவில் பின்னால் வந்த இத்தகைய சிலைகளுக்கெல்லாம் முன்மாதிரி. அதில் கால் வைக்கிற அங்கவடி கிடையாது. அந்தக் காலத்து ரோமானியர்களுக்கு அங்கவடியே தெரியாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், முன்ரோ சிலையிலும் அங்கவடி இல்லை, சேணமும் இல்லை. சிற்பி மறந்துவிட்டார், பிறகு தெரியவந்ததும் தற்கொலை செய்துகொண்டார் என்று ஒரு கதை சென்னையில் காலம் காலமாக ஓடுகிறது. தயவுசெய்து அதை இனிமேல் யாரும் பகிர வேண்டாம். அந்தச் சிற்பி சர் பிரான்சிஸ் சாண்ட்ரி. 1781-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக்குப் பக்கத்து நார்ட்டனில் பிறந்தவர், சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தவர், கொஞ்சநாள் மளிகைக் கடையில் வேலை பார்த்து, அப்புறம் மரச்செதுக்கு வேலை செய்பவர் ஒருவரிடம் தொழில் பழகி, கடைசியில் லண்டனில் சொந்தமாக வெண்கல வார்ப்புப் பட்டறை வைக்கும் அளவுக்கு வளர்ந்தவர். இத்தாலி போய் ரோமானியச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு வந்தவரும்கூட. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் அவர் செய்த நான்காம் ஜார்ஜ் மன்னர் இருக்கிறார், அங்கேயும் அங்கவடி இல்லை, சேணம் இல்லை. ராயல் எக்ஸ்சேஞ்சுக்கு முன்னால் இருக்கும் வெலிங்டன் சிலையும் அப்படித்தான். அவர் தொடங்கிவைத்த அந்தச் சிலையை, அவர் இறந்தபின் உதவியாளர் ஹென்றி வீக்ஸ் முடித்தார். ஒரே மனிதர் மூன்று முறை மறப்பாரா? ரோமானிய பாணியை வேண்டுமென்றே எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

முன்ரோ 1827-இல், இன்றைய ஆந்திராவில் இருக்கும் பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார். பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி, அவர் சிலையை லண்டனில் வார்த்து, கப்பலில் கொண்டுவந்து 1839 அக்டோபர் 23 அன்று திறந்தார்கள். சாண்ட்ரி 1841 நவம்பரில்தான் காலமானார், பிறந்த ஊரான நார்ட்டனிலேயே அடக்கம் செய்தார்கள். சிலையை ஒருமுறை நின்று பாருங்கள்: குதிரை பாயவில்லை, முன்னங்காலைத் தூக்கவில்லை, நாலு காலையும் ஊன்றி நிற்கிறது, முன்ரோவின் கால்கள் அதன் விலாவையொட்டிச் சும்மா தொங்குகின்றன. அதிகாரத்தை அமைதியில் காட்டுகிற வித்தை அது. ஆட்சியாளரைக் கொண்டாடும் சிலைகளோடு எனக்குப் பிணக்கு உண்டு, ஆனாலும் இந்த வேலைப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். (கதீட்ரல் சாலை புனித ஜார்ஜ் பேராலயத்தில் பிஷப் ஹீபருக்கான பளிங்கு நினைவுச் சிற்பமும் சாண்ட்ரியுடையதே.)

சரி, தமிழ்ச் சொல். ‘குதிரைவீரர் சிலை’ என்றால் போர்வீரர் என்று ஆகிவிடும், நான்காம் ஜார்ஜுக்கு அது பொருந்தாது. ‘குதிரையேற்றச் சிலை’ என்றால் ஏதோ பந்தய விளையாட்டு போல ஒலிக்கிறது. வடமொழி வழியில் ‘அசுவாரூடச் சிலை’ எனலாம், படிப்பவருக்குப் புரியாது.

நம்மிடமே நல்ல வழி இருக்கிறது. காளைமேல் வரும் சிவனைச் சம்பந்தர் ‘விடையேறி’ என்கிறார். பரி என்றால் குதிரை; திருக்குறள் உரையாசிரியர் பெயரே பரிமேலழகர். தென்மாவட்டங்களில் ‘பரியேறும் பெருமாள்’ என்று சாமிக்கே பெயர் உண்டு. ஆகவே ‘பரியேறு சிலை’ என்பதே என் தேர்வு. ஏறியவர், ஏறிய விலங்கு இரண்டும் இரண்டே சொல்லில் வந்துவிடுகின்றன. யானைமேல் இருந்தால் ‘களிறேறு சிலை’ என்று அப்படியே நீட்டலாம்.

‘சிலை’ என்றாலே கல்தானே, வெண்கலத்துக்குப் பொருந்துமா என்று சிலர் கேட்பார்கள். வடமொழி ‘சிலா’ கல்தான், சங்கப் பாடல்களில் சிலை என்றால் வில் என்றும் பொருள். இன்றைய வழக்கில் எந்தப் பொருளில் செய்தாலும் சிலைதான், அதை மாற்றத் தேவையில்லை. உலோகம் என்று குறிக்க வேண்டிய இடத்தில் ‘வெண்கலப் பரியேறு சிலை’ என்று எழுதினால் போதும், செய்தியில் முதல்முறை வரும்போது மட்டும் ‘குதிரைமேல் அமர்ந்த சிலை’ என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.