மலைச்சவுக்கு: ஒரு பெயர், இரண்டு மரங்கள்

இலங்கை மலையகத்தில் சவுக்கு என்று சொன்னால், தேயிலை மலைகளில் நிழலுக்காகவும் காற்றுத் தடுப்புக்காகவும் வரிசையாக நடப்பட்ட, நெடிதுயர்ந்த மரமே எல்லோருடைய மனத்திலும் தோன்றும். பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கங்களில் இம்மரம் இல்லாத தேயிலை மலையைக் காண்பது அரிது. ஆனால் தமிழ்நாட்டில் அதே சொல், கடற்கரை மணலில் ஊசி போன்ற மெல்லிய பச்சைக் கிளைகளோடு வளரும் வேறொரு மரத்தைக் குறிக்கிறது. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. மரவேலைக்கு வரும்போது அவற்றின் குணங்களும் பெரிதும் வேறுபடுகின்றன.

சாட்டையைக் குறிக்கும் சவுக்கு என்ற சொல் பாரசீகத்தின் ‘சாபுக்’ என்பதிலிருந்து உருது வழியாகத் தமிழுக்கு வந்தது. கடற்கரைச் சவுக்கின் தொங்கும் கிளைகளைப் பார்ப்பவர்க்குச் சாட்டையின் நினைவு வருவது இயல்பே. அம்மரத்தின் அறிவியற் பெயரான கசுவரினா, அக்கிளைகளைக் கசுவாரிப் பறவையின் இறகுகளோடு ஒப்பிட்டதால் ஏற்பட்டது. தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர், ஊரில் வழங்கிய பெயரையே இங்கு நிமிர்ந்து நின்ற புதிய மரத்துக்கும் வழங்கியிருக்கலாம். சிங்களத்தில் இம்மரத்துக்கு வழங்கும் ‘சபுக்கு’ என்ற பெயரும் ஒலியளவில் இதற்கு மிக நெருங்கியது.

மலையகச் சவுக்கின் அறிவியற் பெயர் கிரெவிலியா ரொபஸ்டா. தாயகம் கிழக்கு அவுஸ்திரேலியா. கிரெவிலியா என்பது லண்டன் தோட்டக்கலைச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான சார்ள்ஸ் கிரெவிலின் பெயரால் அமைந்தது. ரொபஸ்டா என்பதற்கு லத்தீனில் ‘உறுதியானது’ என்று பொருள், அதன் வேர்ச்சொல் ஓக் மரத்தையே குறிக்கும். அவுஸ்திரேலியர் இதைப் பட்டு ஓக் என்கின்றனர். இலையின் அடிப்புறம் வெள்ளியாக மின்னுவதால் தோட்டத்துரைமார் சில்வர் ஓக் என்றனர். உண்மையில் இது ஓக் அன்று. அறுத்த பலகையில் ஓக்கைப் போலவே கதிர்க்கோலம் (மரக்கதிர்கள் காட்டும் பளபளப்பான கோலம்) தெரிவதால் வந்த பெயர் அது. அவுஸ்திரேலியர் கசுவரினாவுக்கும் அதே காரணத்தால் ஓக் என்ற சொல்லைச் சேர்த்தே பெயரிட்டிருக்கிறார்கள். தமிழில் ஒரு பெயருக்குள் வந்து சேர்ந்த இரு மரங்களும் ஆங்கிலத்திலும் அவ்வாறே சேர்ந்திருப்பது வியப்புக்குரியது.

அந்தக் கதிர்க்கோலமே இம்மரத்தின் பெருமை. தண்டின் மையத்திலிருந்து பட்டையை நோக்கி ஓடும் அகன்ற கதிர்களின் போக்கிலேயே வாள் செல்லுமாறு பலகையை அறுத்தால், இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு நிறப் பரப்பில் பளபளக்கும் திட்டுகள் நெருக்கமாக எழும். பலகையைச் சற்றுச் சாய்த்தால், ஒளி படும் கோணத்துக்கேற்ப அவை மங்கியும் மின்னியும் காட்டும். இவ்வாறு அறுத்த பலகை காயும்போது குறைவாகவே கோணும். ஆனால் சீவுளி கூராக இல்லாவிட்டால் கதிர்கள் பெயர்ந்து குழி விழும். ஆகவே அலகைக் கூர்தீட்டி, மெல்லிய சீவலாக எடுப்பதே முறை. நிழலைக் குறைக்கக் கிளை கழித்த மரங்களில் முடிச்சுகள் மிகுதி என்பதையும் மரக்காலையில் பலகை தெரிவு செய்யும்போது கவனிக்க வேண்டும்.

தாவரவியற் பாகுபாட்டில் இது வன்மரம், அதாவது பூக்கும் மர வகை. எனினும் கன மீற்றருக்குச் சுமார் 600 கிலோகிராம் எடையுள்ள, வாளுக்கும் உளிக்கும் எளிதில் இணங்கும் நடுத்தர மரமே. அலுமாரி, மேசை, கதவுச் சட்டத்தின் உட்பலகை, ஒட்டுப்பலகை ஆகியவற்றுக்கு நன்கு பொருந்தும். மண்ணில் புதையும் தூணுக்கோ எப்போதும் நனையும் இடத்துக்கோ இது ஏற்றதன்று. இம்மரத்தின் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்குவதால், முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் இதைத் தேய்ப்பது தவறு. எஞ்சும் கிளைகள் தேயிலைத் தொழிற்சாலையின் உலர்த்தி அடுப்புக்கும் வீட்டு அடுப்புக்கும் போகின்றன.

கடற்கரைச் சவுக்கோ கன மீற்றருக்கு 800 கிலோகிராமுக்கு மேல் எடையுள்ளது. எளிதில் வெடிக்கும், கோணும். சாரம் கட்டும் கம்பத்துக்கும் விறகுக்குமே அது உகந்தது. தமிழ்நாட்டுக் கையேட்டில் ‘சவுக்கு தளபாடத்துக்கு ஆகாது’ என்று படிக்கும் மலையகத் தச்சு பாஸ், நல்ல பலகையைக் கையில் வைத்துக்கொண்டே அதை விறகென்று ஒதுக்கிவிடக்கூடும்.

சில்வர் ஓக் என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த ‘வெள்ளிக் கருவாலி’ என்ற மொழிபெயர்ப்பை நான் ஏற்கவில்லை. கருவாலி என்பது ஓக் மரத்துக்கு வழங்கும் சொல், அந்தப் பிழையைத் தமிழிலும் தொடர வேண்டியதில்லை. மக்கள் நாவில் தலைமுறைகளாக இருக்கும் சவுக்கைக் கைவிடுவதும் தகாது. எனவே இதை மலைச்சவுக்கு என்றும், கசுவரினாவைக் கடற்சவுக்கு என்றும் அடைமொழியோடு எழுதுவதே தக்கது. மரக்காலைப் பற்றுச்சீட்டிலும் பாடநூலிலும் முதலில் ஒருமுறை கிரெவிலியா என்ற பெயரையும் சேர்த்துவிட்டால், வாங்குபவருக்கு எந்த மரம் என்ற ஐயம் எழாது.