எராஸ்முஸ் தொழில்முனைவோர் திட்டம்: கையெழுத்துக்கு முன்னால் டிக்கெட் எடுக்காதீர்கள்

ஜேர்மனியில் எங்கள் நகரத்தில் ஒரு அக்கா இருக்கிறார். யாழ்ப்பாணத்துப் பக்குவத்தில் மிளகாய்த்தூள் வறுத்து இடித்து, பொதி செய்து விற்கிறார். முறையாகப் பதிந்த தொழில், தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. இத்தாலியில் தக்காளி சோஸ் போத்தலில் அடைக்கும் ஒரு குடும்பக் கம்பனியில் கொஞ்ச நாள் நின்று தொழில் பழக ஆசைப்பட்டார். அதற்கென்றே ஐரோப்பிய ஒன்றியத்தின் திட்டம் ஒன்று 2009 முதல் இருக்கிறது: 'இளம் தொழில்முனைவோருக்கான எராஸ்முஸ்'. புதிதாகத் தொழில் தொடங்கியவர் வேறு நாட்டில் அனுபவமுள்ள ஒருவரிடம் ஒன்று முதல் ஆறு மாதம் வரை நின்று பழகலாம். பயணத்துக்கும் தங்குவதற்கும் ஒரு தொகை கிடைக்கும்.

விசாரிக்கப் போன இடத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அக்காவின் பிறந்த ஆண்டைப் பார்த்தார். "இது இளையவர்களுக்கு" என்று தாளைத் திருப்பி நீட்டிவிட்டார்.

அது பிழை. இந்தத் திட்டத்தில் மேல் வயது எல்லை கிடையாது. 'இளம்' என்பது உங்கள் தொழிலின் வயது. தொழில் தொடங்கி மூன்று வருடத்துக்குள் இருக்க வேண்டும், அல்லது தொடங்கப்போகிறேன் என்று உறுதியான தொழில் திட்டம் எழுதிக் காட்ட வேண்டும். 50 வயதில் கடை போடுபவருக்கும் இடமுண்டு. பட்டமும் கேட்பதில்லை. மூன்றாவது வருடம் முடியப்போகிறது என்றால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்தது வதிவிடம். குடியுரிமை தேவையில்லை, ஆனால் திட்டத்தில் உள்ள நாடொன்றில் நிரந்தரமாக வசிக்க வேண்டும். லண்டனிலும் சுவிஸிலும் இருப்பவர்கள் புதிய தொழில்முனைவோராக விண்ணப்பிக்க முடியாது.

நம்மவர்கள் அதிகம் மாட்டுவது இதற்குப் பிறகுதான். இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டும் ஜேர்மன் வதிவிட அட்டையும் வைத்திருப்பவர், மற்ற ஷெங்கன் நாடுகளில் (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிய ஐரோப்பிய நாடுகள்) எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாள்தான் நிற்கலாம். ஜூலை, ஆகஸ்ட், செப்டெம்பர் என்று மூன்று மாதம் எழுதினால் அது 92 நாள். இரண்டு நாள்தானே என்று விடாதீர்கள். அதற்கு முன் பாரிஸில் கல்யாண வீட்டுக்குப் போய் நின்ற நாட்களும் இதே கணக்கில் சேரும். திட்டத்தில் இதற்கு ஒரு வழி இருக்கிறது: ஒரே மூச்சில் நிற்க வேண்டியதில்லை, 12 மாதத்துக்குள் துண்டு துண்டாகப் போய்வரலாம், ஒரு துண்டு ஒரு வாரத்துக்குக் குறையக்கூடாது. 90 நாளுக்கு மேல் வேண்டுமென்றால், போகும் நாட்டின் அனுமதியை முதலில் எடுங்கள். அயர்லாந்து ஷெங்கனில் இல்லை, ஜேர்மன் அட்டையை நம்பி அங்கே போகாதீர்கள்.

ஜேர்மனியில் யோப்சென்டர் (வேலை தேடுவோருக்கு உதவிப்பணம் தரும் அலுவலகம்) கொடுப்பனவு எடுப்பவர்கள் அந்த அலுவலகத்தின் சம்மதம் இல்லாமல் வெளியே போனால் காசு நிற்கும். வாய்ச் சம்மதம் போதாது. "அவர் சரி என்றார்" என்பது பிறகு எந்த மேசையிலும் செல்லாது. கடிதமாக வாங்குங்கள்.

விண்ணப்பம் இணையத்தில். அதில் உங்கள் நாட்டில் இந்தத் திட்டத்தை நடத்தும் தொடர்பு நிலையம் ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்வார்கள். பலர் பட்டியலில் முதலில் உள்ளதை அமத்திவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் அளவான நிதிதான் இருக்கும். தெரிவு செய்வதற்கு முன் இரண்டு மூன்று நிலையங்களுக்கு அழைத்து, "புது ஆட்களுக்கு இப்போது இடம் இருக்கிறதா, ஒருவரை அனுப்ப எவ்வளவு காலம் எடுக்கும்?" என்று நேராகக் கேளுங்கள். மின்னஞ்சலுக்குப் பதில் போடாதவர்கள் பிறகு உங்கள் காசை எவ்வளவு வேகமாக அனுப்புவார்கள் என்பதை நீங்களே யோசியுங்கள்.

உங்களை ஏற்பவர் மூன்று வருடத்துக்கு மேல் சிறு தொழில் நடத்துபவராக இருக்க வேண்டும். அவரை நீங்களே தேடிப் பிடிக்கலாம், ஆனால் இரு நாட்டுத் தொடர்பு நிலையங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் உங்களிடம் காசு கேட்கக்கூடாது. உங்களைச் சம்பளமில்லாத வேலையாளாக வைத்திருக்கவும் கூடாது. பாத்திரம் கழுவ மட்டும் விட்டால் அன்றே நிலையத்துக்கு எழுதுங்கள்.

அக்கா வேறொரு நிலையத்தின் வழியாக உள்ளே போனார். ஆனால் இத்தாலிக்காரர் "தக்காளி பழுத்துவிட்டது, உடனே வாருங்கள்" என்றதும் டிக்கெட் எடுத்துப் போய்விட்டார். தொடர்பு நிலையத்துடன் செய்யும் நிதி ஒப்பந்தம் பத்து நாள் கழித்துத்தான் கையெழுத்தானது. அந்தப் பத்து நாளுக்கு ஒரு சதமும் வரவில்லை. இத்தனைக்கும் தாமதம் நிலையத்தினுடையது, மூன்று முறை அதே படிவத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்த பிறகுதான் நாள் எண்ணத் தொடங்கும். ஏற்பவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி, நிலையத்தில் "கையெழுத்து நிச்சயம் வரும்" என்று போனில் சொன்னாலும் சரி, தாள் கைக்கு வரும்வரை பொறுங்கள்.

காசு முழுவதும் முன்கூட்டி வராது, கடைசிப் பங்கு அறிக்கை கொடுத்த பிறகே வரும். மாதத் தொகை நாட்டைப் பார்த்துத்தான், ஊரைப் பார்த்து அல்ல. மிலானுக்கும் இத்தாலியின் ஒரு கிராமத்துக்கும் ஒரே தொகை. ஆகவே வாடகை குறைந்த ஊரில் ஏற்பவரைத் தேடுங்கள். முதல் மாத வாடகையைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள், போர்டிங் அட்டை, ரயில் டிக்கெட் எதையும் எறியாதீர்கள்.