டவுன் பேமென்ட் எங்கிருந்து வருகிறது?

அமெரிக்காவில் டெட்ராய்ட் பக்கம் வீட்டுக்கடன் அலுவலராகப் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். கடன் கேட்டு வருகிறவர்களின் சம்பளச் சீட்டு, வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு எல்லாம் என் மேசைக்கு வரும், அதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது கிஃப்ட் லெட்டர் என்கிற ஒரு பக்கத் தாள்தான். டவுன் பேமென்ட்டுக்கு, அதாவது வீடு வாங்கும்போது கடன் போக நம் கையிலிருந்து போடும் முன்பணத்துக்கு, அப்பா அம்மா பணம் கொடுத்திருந்தால், இது கடன் இல்லை, திருப்பித் தர வேண்டாம் என்று அவர்கள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

ஒருமுறை அடுத்தடுத்து இரண்டு பேர் வந்தார்கள். சம்பளம் ஏறக்குறைய ஒன்று, கிரெடிட் ஸ்கோரும் அப்படியே. ஒருவர் வெள்ளையர், அவருடைய பெற்றோர் தங்கள் வீட்டின் மதிப்பு ஏறியிருந்ததால் அதன்மேல் கடன் எடுத்து மகனுக்கு 40,000 டாலர் கொடுத்தார்கள். இன்னொருவர் கறுப்பினப் பெண், செவிலியர். கிஃப்ட் லெட்டர் இல்லை, மாறாக அவர் கணக்கிலிருந்துதான் மாதாமாதம் அம்மாவின் வாடகைக்குப் பணம் போய்க்கொண்டிருந்தது. முதலாமவர் வீட்டு விலையில் 20 சதவீதம் போட்டார், செவிலியரால் 3.5 சதவீதம்தான் முடிந்தது. அதனால் கடன் தொகையும் கூடியது, கடனுக்கான காப்பீட்டுக் கட்டணமும் மாதத் தவணையோடு சேர்ந்தது. கையில் குறைவாக இருப்பவர்தான் அதே மாதிரி வீட்டுக்கு அதிகம் கட்டுகிறார்.

கறுப்பின மக்களைப் பற்றி "அவங்க சேர்த்து வைக்கலை" என்று இங்குள்ள நம் தமிழர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன், மனசு வலிக்கும். அப்படி நினைப்பவர்கள் எட்டு மைல் சாலைக்குச் சற்றுத் தெற்கே, பிர்வுட் தெருப் பக்கம் ஒருமுறை போய்வாருங்கள். அங்கே வீடுகளுக்குப் பின்னால் 6 அடி உயரத்தில், அரை மைல் நீளத்துக்கு ஒரு சுவர் இருக்கிறது. 1941இல் கட்டியது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியை ஒட்டி வெள்ளையர்களுக்கு மட்டும் வீடு கட்டி விற்க ஒருவர் கிளம்பினார். வீட்டுக்கடனுக்குக் காப்பீடு தரும் அரசு அமைப்பான எஃப்எச்ஏ, பக்கத்தில் கறுப்பர்கள் இருக்கிறார்கள் என்று மறுத்தது. நடுவில் சுவரை எழுப்பினார், ஒப்புதல் வந்துவிட்டது. இன்று பூங்காவை ஒட்டிய பகுதியில் அந்தச் சுவர்மேல் ஊர்க்காரர்கள் ஓவியம் வரைந்திருக்கிறார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த கறுப்பின மக்களுக்கு வங்கிக்கடன் கிடைப்பது குதிரைக்கொம்பு. பலர் லேண்ட் கான்ட்ராக்ட்டில் வாங்கினார்கள், அதாவது கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் விற்றவர் பெயரிலேயே இருக்கும், இடையில் கட்ட முடியாமல் போனால் கட்டியதும் போகும், வீடும் போகும். வீடு விற்பதிலும் கடன் கொடுப்பதிலும் இனப் பாகுபாடு கூடாது என்று 1968இல் சட்டம் வந்தது, சரி. அதற்குள் வெள்ளையர்களின் வீடு மதிப்பு ஏறியிருந்தது, கறுப்பின மக்களில் பலருக்கு ஏற வீடே இல்லை. அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் 2022இல் எடுத்த கணக்கில், வெள்ளையர் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பத்தினுடையது 44,900 டாலர்.

நம்மவர்களின் கோப்புகளிலும் கிஃப்ட் லெட்டர் வரும். கோயம்புத்தூரில் மனையை விற்று அனுப்பிய பணம், அப்பாவின் பி.எஃப். பணம். அது தப்பே இல்லை. ஆனால் நாம் இந்த நாட்டுக்குள் வர வழி திறந்த 1965 குடியேற்றச் சட்டம், கறுப்பின மக்கள் நடத்திய உரிமைப் போராட்டத்தின் அலையில் வந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

உங்களோடு வேலை செய்கிறவர்கள் யாராவது டவுன் பேமென்ட் இல்லை என்று தயங்கினால் இதைச் சொல்லுங்கள்: மிச்சிகன் மாநில வீட்டுவசதி ஆணையம் வட்டியில்லாமல் 10,000 டாலர் வரை கடன் தருகிறது, வீட்டை விற்கும்போதோ மறுகடன் எடுக்கும்போதோ திருப்பினால் போதும், வருமான வரம்பு போன்ற நிபந்தனைகள் உண்டு. கடன் கொடுப்பவர் தானாகச் சொல்லமாட்டார், கேட்க வேண்டும். அப்புறம், வீட்டு மதிப்பீட்டு அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுவது சட்ட உரிமை. மதிப்பு குறைவாகத் தோன்றினால் மறுபரிசீலனை கேட்கலாம்.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். எங்கள் ஊரில் குறைந்த வாடகைக் குடியிருப்பு ஒன்று வருகிறது என்றதும், பள்ளியின் தரம் குறையும், கையெழுத்துப் போடுங்கள் என்று நம் வாட்ஸ்அப் குழுவிலேயே மனு சுற்றியது. அங்கே வாடகைக்கு வரப்போகிறவர்கள் அந்தச் செவிலியரின் அம்மா மாதிரி ஆட்கள், நம் பிள்ளைகளின் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவர்கள். நான் டவுன்ஷிப் (உள்ளூராட்சி) கூட்டத்துக்குப் போய் ஆதரவாகப் பேசினேன், நம்மவர்களில் என்னோடு வந்தவர்கள் மூன்றே பேர். உங்கள் ஊரிலும் இப்படி மனு வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள், கூட்டத்துக்குப் போங்கள், பேச ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம் தருவார்கள்.