லிக்கரிஸ்: வேரை மறந்த பெயர்

ஒரு வேரின் சாற்றில் செய்யும் கறுப்பு மிட்டாய்க்கும் அந்த வேருக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர். அதை லிக்கரிஸ், லிக்கரிஷ் என இரண்டு விதமாகவும் உச்சரிக்கிறார்கள், இரண்டும் சரிதான். ஆங்கில எழுத்தில் (liquorice) மதுவைக் குறிக்கும் ‘liquor’ இருப்பதைப் பார்த்து இதை மதுவோடு முடிச்சுப் போடுபவர்களும் உண்டு. மிட்டாயில் மது எதுவும் இல்லை. ஆனால் அந்தக் குழப்பம் இன்று நேற்று வந்ததல்ல.

கிரேக்கத்தில் ‘கிளிக்கிஸ்’ என்றால் இனிப்பு, ‘ரிசா’ என்றால் வேர். இரண்டும் சேர்ந்த சொல் இலத்தீனுக்குப் போனபோது, நீராய் இருத்தலைக் குறிக்கும் ‘லிக்குவேரே’ என்ற வினையின் சாயல் அதில் ஏறிக்கொண்டது. சாறு எடுக்கிற வேர்தானே, பொருந்துகிறது என்று விட்டிருப்பார்கள் போலும். அப்புறம் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தபோது சொல்லில் இனிப்பும் தெரியவில்லை, வேரும் தெரியவில்லை.

தமிழில் இந்த வேர் அதிமதுரம். ‘மிகுந்த இனிப்பு’ என்ற பெயர் மிகையில்லை. இதிலுள்ள கிளிசிரைசின் என்ற பொருள் சர்க்கரையைப் போல 30 முதல் 50 மடங்கு இனிக்கும். ஆகவே மிட்டாயை அதிமதுர மிட்டாய் என்பதே பொருத்தம். அதி, மதுரம் இரண்டும் வடசொல் என்று சிலர் தயங்கலாம். இவ்வளவு காலம் புழங்கிய பெயரை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைக் கட்ட வேண்டியதில்லை என்பேன்.

வேரை நறுக்கிக் கொதிக்கவைத்து, சாற்றை வற்றக் காய்ச்சினால் கறுப்புக் கட்டி கிடைக்கும். அதோடு சர்க்கரை, மொலாசஸ் (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்பாகு), கோதுமை மாவு சேர்த்துக் காய்ச்சி, துளைத்தட்டு வழியாகக் கயிறு கயிறாகப் பிழிவார்கள். முதலில் இது மருந்துதான். இங்கிலாந்தின் பாண்டிஃபிராக்டில் ஜார்ஜ் டன்ஹில் என்ற மருந்துக்கடைக்காரர் 1760 வாக்கில் சர்க்கரை சேர்த்தபோதுதான் அது மிட்டாயானது என்பது அவ்வூர் வரலாறு. அங்கே செய்யும் வட்ட வில்லைகளில் கோட்டை முத்திரை இருக்கும்.

பின்லாந்தின் ‘சல்மியாக்கி’ என்ற லிக்கரிஸ் மிட்டாய் வேறு ரகம். அதில் உப்புக் கரிப்பைத் தருவது அம்மோனியம் குளோரைடு, அதாவது நம் நவச்சாரம். நவச்சார மிட்டாய் என்றால் கச்சிதமாகப் பொருந்துகிறது!

ஒரு எச்சரிக்கை: உண்மையான அதிமதுரம் அளவு மீறினால் உடலில் பொட்டாசியம் குறைந்து இரத்த அழுத்தம் ஏறும்.

மொழிபெயர்ப்பவர்கள் தடுக்கி விழும் இடம் சிவப்பு லிக்கரிஸ். ஸ்ட்ராபெர்ரி, செர்ரி மணத்தோடு வரும் அதில் பெரும்பாலும் அதிமதுரமே கிடையாது. கறுப்பிலும் சிலவற்றில் சோம்பு எண்ணெயின் மணம்தான். அங்கே பெயர் குறிப்பது வடிவத்தை மட்டுமே. அதற்குக் கயிற்று மிட்டாய் என்று எழுதினால் போதும்.