ஓடினால் முழங்கால் தேயுமா?

ஓட்டப் பயிற்சியைத் தொடங்கி மூன்று மாதமான வாசகர் ஒருவர், படி இறங்கும்போது முழங்கால் சில்லைச் சுற்றி வலிப்பதாகவும், மூட்டு தேய்ந்துவிட்டதா, ஓட்டத்தை அடியோடு நிறுத்திவிட வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறார். செருப்பின் அடிப்பாகம் தேய்வதைப் போலவே மூட்டும் தேயும் என்று எண்ணிக்கொள்வதால் எழும் அச்சம் இது.

தூரத்தையோ வேகத்தையோ திடீரென்று கூட்டும்போது, சில்லுக்கும் தொடையெலும்புக்கும் இடையே விழும் சுமை, அவ்விடத்துத் திசுக்கள் பழகிய அளவை மீறிவிடுகிறது. படி இறங்கும்போதும், வெகுநேரம் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டு எழும்போதும் வலிப்பது இதன் வழக்கமான அடையாளம். மூட்டில் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பில் நரம்புகளே இல்லை. ஆகவே வலியை உணர்த்துவது அதன் அடியிலுள்ள எலும்பும் சுற்றியுள்ள சவ்வும் கொழுப்புத் திண்டும்தான்.

அந்தக் குருத்தெலும்பு வியப்புக்குரிய பொருள். சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள அதன் எடையில் 65 முதல் 80 விழுக்காடு நீர். இரத்தக் குழாய் ஒன்றுகூடக் கிடையாது. கொலாஜன் என்னும் புரத இழைகளால் பின்னிய வலைக்குள் புரோட்டியோகிளைகன் என்னும் பெரிய மூலக்கூறுகள் அடைபட்டிருக்கின்றன. எதிர்மின்னேற்றம் கொண்ட அவை சோடியம் அயனிகளையும், அவற்றின் பின்னே நீரையும் உள்ளே இழுக்கின்றன. வலை இறுக்கிப் பிடித்திராவிட்டால் திசு ஊதிப் பருத்துவிடும். பாதம் தரையில் ஊன்றியிருக்கும் அந்தச் சிறு பொழுதுக்குள், மிக நுண்ணிய துளைகளின் வழியே நீர் வெளியேற நேரம் போதாது; எனவே உள்ளழுத்தம் ஏறி, சுமையின் பெரும்பகுதியை நீரே தாங்கிக்கொள்கிறது. தொடர்ந்து ஓடும்போது நீர் சிறிது சிறிதாகக் கசிவதால், ஓட்டம் முடிந்தவுடன் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில் குருத்தெலும்பு சற்றே மெலிந்து தெரியும். சில மணி நேரத்தில் நீரை உறிஞ்சி மீண்டுவிடும். மூட்டுத் திரவத்திலிருந்து ஊட்டம் ஊறி வருவதற்கும் இந்த அமுக்கமும் விடுப்பும் துணைசெய்கின்றன. தண்டுவடம் பாதிக்கப்பட்டுக் கால் அசையாமற்போனவர்களின் முழங்கால் குருத்தெலும்பு சில மாதங்களிலேயே மெலிவதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள்.

ஆனால், வலையின் கதை வேறு. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பன் பெருகி, உணவின் வழியே அப்போது உருவான திசுக்களிலும் சேர்ந்தது. அதன் தடயத்தை முழங்கால் குருத்தெலும்பில் தேடி 2016இல் வெளியான ஓர் ஆய்வு, வளர்ந்தவர்களில் அந்தக் கொலாஜன் ஏறக்குறைய புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று காட்டியது. இந்த முடிவுக்குப் பிறகும் ‘குருத்தெலும்பை வளர்க்கும்’ மாத்திரைகளின் விளம்பரத்துக்குச் செலவாகும் பணத்தில் ஒரு பங்காவது இத்தகைய ஆய்வுகளுக்குப் போகக் கூடாதா என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

ஆகவே வாசகருக்குத் தேவைப்படுவது முழு ஓய்வன்று, அளவான சுமை. தூரத்தைக் குறைத்து, இறக்கங்களைச் சில வாரம் தவிர்க்கலாம். தொடை, இடுப்புத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சிகளைச் செய்யலாம். காலடியின் நீளத்தைக் குறுக்கி, நிமிடத்துக்கு வைக்கும் காலடிகளின் எண்ணிக்கையை 5 முதல் 10 விழுக்காடு கூட்டினால் சில்லின்மேல் விழும் சுமை குறையும். மூட்டு வீங்கினாலோ, பூட்டிக்கொண்டாலோ, நிற்கும்போது மடங்கினாலோ மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். மற்றபடி, ஓடிய மறுநாள் காலை அதே படியில் இறங்கிப் பாருங்கள்: வலி முந்தைய நாளின் அளவிலேயே இருந்தால் அந்தத் தூரத்தைத் தொடரலாம், கூடியிருந்தால் அடுத்த முறை சற்றுக் குறையுங்கள்.