ரேம் வாங்கும் முன் பிராசஸரைப் பாருங்கள்

சொந்தமாக பாகங்களை வாங்கி முதல் கணினியைப் பூட்டுகிறவர்கள் பிராசஸரையும் கிராபிக்ஸ் கார்டையும் வாரக்கணக்கில் அலசுவார்கள். ரேம் என்று வந்ததும் “எத்தனை ஜிபி?” என்பதோடு நிறுத்திவிடுவார்கள். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, இந்த ரேமோடு பேசப்போவது யார் என்பது.

பேசப்போவது பிராசஸர். ஒருகாலத்தில் ரேமைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட் மதர்போர்டில் தனிச் சிப்பாக இருந்தது. பிராசஸர் தயாரிக்கும் நிறுவனங்களில் ஏஎம்டி 2003-இல் அத்லான் 64 வழியாகவும், இன்டெல் 2008-இல் முதல் கோர் ஐ7 வழியாகவும் அதைப் பிராசஸருக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டன. ஆகவே பிராசஸர், மதர்போர்டு இரண்டையும் முடிவு செய்த பிறகுதான் ரேமைத் தேட வேண்டும்.

இன்று சந்தையில் கிடைப்பவை டிடிஆர்4, டிடிஆர்5 என்ற இரண்டு தலைமுறைகள். இரண்டு வகை ஸ்டிக்குகளிலும் (ரேம் பலகைகளிலும்) 288 பின்கள்தான். ஆனால் நடுவில் இருக்கும் வெட்டு சற்றே இடம் மாறியிருக்கும், அதனால் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று உட்காராது. உட்காராவிட்டால் அழுத்தவே கூடாது. ஏஎம்டி பிராசஸர்களுக்கான ஏஎம்4 சாக்கெட் போர்டுகள் டிடிஆர்4 மட்டும் ஏற்கும், ஏஎம்5 போர்டுகள் டிடிஆர்5 மட்டும் ஏற்கும். இன்டெல்லின் 12, 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில்தான் குழப்பம். பிராசஸருக்கு இரண்டும் சம்மதம், போர்டுக்குப் பெரும்பாலும் ஏதாவது ஒன்றுதான் சம்மதம். போர்டின் விவரப் பக்கத்தைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று சர்வரிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்ட் வகை ஸ்டிக்கையும் எடுக்க வேண்டாம். டிடிஆர்4-இல் அது ஸ்லாட்டில் அழகாக உட்காரும், ஆனால் சாதாரண வீட்டுக் கணினி கிளம்பாது.

சரி, வேகத்துக்கு வருவோம். ஏஎம்5 போர்டில் உட்காரும் ஏஎம்டியின் ரைசன் 5 7600 பிராசஸரை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஸ்டிக் போட்டால் 5200 வரை (ஒரு கம்பியில் விநாடிக்கு எத்தனை மில்லியன் பிட் என்ற கணக்கு) என்று ஏஎம்டி சொல்கிறது. நான்கு போட்டால் அதே பிராசஸருக்கு அதிகாரபூர்வ வேகம் 3600 தான். ஏன் இந்தச் சரிவு?

6000 என்று அச்சிட்ட ரேமில் ஒவ்வொரு கம்பியிலும் விநாடிக்கு 600 கோடி பிட்டுகள் ஓடுகின்றன. ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் நானோவிநாடியில் ஆறில் ஒரு பங்கு. அதற்குள் போர்டின் செம்புக் கோட்டில் சிக்னல் நகரும் தூரம் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர். அதாவது முதல் பிட் ஸ்டிக்கைத் தொடுவதற்கு முன்பே அடுத்தது பின்னால் கிளம்பிவிட்டது. பெரும்பாலான போர்டுகளில் ஒரு சேனலின் (பிராசஸரிலிருந்து ரேமுக்குப் போகும் தனிப் பாதை, வழக்கமாக இரண்டு இருக்கும்) கோடு முதல் ஸ்லாட்டைத் தொட்டுக்கொண்டு இரண்டாவதில் போய் முடிகிறது. கடைசி ஸ்லாட்டைக் காலியாக விட்டால், மடை அடைத்த வாய்க்காலில் அலை மோதித் திரும்புவதுபோல சிக்னல் எதிரொலித்து, பின்னால் வரும் பிட்டோடு கலந்துவிடும். அதனால்தான் இரண்டு ஸ்டிக்குகளை பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் போடச் சொல்கிறார்கள். நான்கையும் நிரப்பினால் சுமையும் எதிரொலியும் கூடுகின்றன, வேகத்தைக் குறைப்பதைத் தவிர வழியில்லை.

ஆகவே 32 ஜிபி வேண்டுமென்றால் 16 ஜிபி ஸ்டிக் இரண்டை ஒரே பெட்டியில் வாங்குங்கள். இரண்டு சேனலும் சேர்ந்து ஓடும். “இப்போது ஒன்று, அப்புறம் ஒன்று” என்ற திட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதே பெயரில் ஆறு மாதம் கழித்து வாங்கும் ஸ்டிக்கின் உள்ளே வேறு நிறுவனத்தின் சிப் இருக்கலாம். ஒரே பெட்டியில் வருபவை சேர்த்துச் சோதிக்கப்பட்டவை. போர்டு நிறுவனத்தின் இணையதளத்தில் சோதித்துப் பார்த்த ரேம்களின் பட்டியல் இருக்கும், அதில் உங்கள் ஸ்டிக்கின் முழு மாடல் எண் இருந்தால் நிம்மதி.

பெட்டியில் சிஎல்30, சிஎல்36 என்றும் போட்டிருக்கும். கேட்ட தரவு வர ஆரம்பிப்பதற்கு எத்தனை கடிகாரத் துடிப்பு ஆகும் என்ற கணக்கு அது. அந்த எண்ணை 2000-ஆல் பெருக்கி, வேகத்தால் வகுத்தால் நானோவிநாடி கிடைக்கும். 6000 சிஎல்30 என்றால் 10. பழைய டிடிஆர்4 3200 சிஎல்16-க்கும் அதே 10. ஏஎம்டி சொல்லும் 5200-ஐத் தாண்டினாலும் ஏஎம்5-க்கு 6000 சிஎல்30 நல்ல தேர்வு. அதற்கு மேல் கொடுக்கும் பணத்தை கிராபிக்ஸ் கார்டில் போடலாம்.

பூட்டி முடித்து முதல் முறை பவர் பட்டனை அழுத்தியதும் திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். பயந்து அணைத்துவிடாதீர்கள். பிராசஸர் ஒவ்வொரு கம்பியிலும் சிக்னலை அனுப்பி, எந்தக் கணத்தில் படித்தால் பிழையின்றி வருகிறது என்று அளந்துகொண்டிருக்கிறது. டிடிஆர்5-இல் இது நீளமான வேலை.

கணினி கிளம்பியதும் ரேம் 4800-இல் ஓடுவதைப் பார்த்து ஏமாந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். 6000-க்கான அமைப்பு ஸ்டிக்கில் இருக்கும் ஒரு குட்டிச் சிப்பில் பதிந்திருக்கிறது. பயாஸுக்குள் (போர்டின் அமைப்புத் திரைக்குள்) போய் அந்த அமைப்பை, ஏஎம்டி போர்டில் எக்ஸ்போ, இன்டெல் போர்டில் எக்ஸ்எம்பி என்ற பெயரில் இருப்பதை, இயக்க வேண்டும். அன்றிரவே ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளை ஓட விடுங்கள். ஒரு பிழைகூட வரக்கூடாது. வந்தால் 5600-க்குக் குறைத்து மறுபடி ஓட்டுங்கள். எக்ஸ்போவை அணைத்த பிறகும் பிழை வந்தால் ஸ்டிக்குகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, பழுதானது எதுவென்று தெரிந்ததும் இரண்டையும் சேர்த்தே வாரண்டியில் மாற்றிக்கொள்ளுங்கள்.