மழைக்காட்டு ஆறும் மோட்டார் சைக்கிளும்: கரையேறிய பின்னும் தொடரும் ஆபத்து

நான்கு நாள் காய்ச்சலோடு அந்த இளைஞர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார். கடுமையான தலைவலி, கண்கள் இரண்டும் நன்றாகச் சிவந்திருந்தன, ஆனால் பீளை இல்லை. கெண்டைக்காலை லேசாக அழுத்தியதும் முகத்தைச் சுளித்துக் காலை இழுத்துக்கொண்டார். "அது பைக் ஓட்டினதால வந்த வலி டாக்டர், ஒரு வாரம் காட்டுப் பாதையில நின்னுக்கிட்டே ஓட்டினேன்" என்று விளக்கத்தையும் அவரே சொல்லிவிட்டார். இடது முழங்காலுக்குக் கீழே ஒரு சிராய்ப்பு. அதன் பொருக்கு உதிரத் தொடங்கியிருந்தது. அது எப்போது பட்டது என்று கேட்டபோதுதான், ஒரு காட்டாற்றைக் கடக்கும்போது வண்டி சாய்ந்ததையும், இடுப்பளவு நீரில் அரை மணி நேரம் நின்று அதை மீட்டதையும் சொன்னார். கேட்டிராவிட்டால் அவர் ஆற்றைப் பற்றிச் சொல்லியிருக்கவே மாட்டார். அவரைப் பொறுத்தவரை அது கரையேறிய அன்றே முடிந்துபோன சம்பவம். அவருக்கு வந்திருந்தது எலிக்காய்ச்சல்.

அவசர சிகிச்சை மருத்துவராக இருப்பதோடு, நானும் காட்டுப் பாதைகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன். மழைக்காட்டுப் பயணத்துக்குத் தயாராகும் நண்பர்கள் டயரைப் பற்றியும் சஸ்பென்ஷனைப் பற்றியும் பாம்பைப் பற்றியும் நிறையக் கேட்கிறார்கள். நீரைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. மழைக்காட்டில் நீர் மூன்று கால அளவுகளில் மனிதனைத் தாக்குகிறது: ஆற்றின் நடுவில் சில நொடிகளில், கரையேறிய பின் சில மணி நேரத்தில், வீடு திரும்பிய பின் ஓரிரு வாரங்களில். பெரும்பாலானோர் முதலாவதை மட்டுமே ஆபத்தாக எண்ணுகிறார்கள். அதையும் உடல் பலத்தால் வென்றுவிடலாம் என்று நம்புகிறார்கள்.

மழைக்காட்டில் சாலை என்பது வரைபடத்தில் தெரியும் கோடு மட்டுமே என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். பிரேசிலின் அமேசான் பகுதியில் மனாஸையும் போர்ட்டோ வெல்ஹோவையும் இணைக்கும் பிஆர்-319 நெடுஞ்சாலை 1976ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 885 கிலோமீட்டர். பராமரிப்பு இல்லாததால் 1980களின் இறுதிக்குள் அதன் பெரும்பகுதி பயணத்துக்கு உதவாமல் போனது. நடுப்பகுதியில் இன்றும் பல நூறு கிலோமீட்டர் மண்சாலைதான். மழைக்காலத்தில் அது சேற்றுக் குழம்பாகிவிடும். 2022ஆம் ஆண்டு மனாஸ் பக்கமுள்ள பகுதியில், சில நாள் இடைவெளியில் இரண்டு பாலங்கள் இடிந்து விழுந்தன. போர்னியோவிலும் காங்கோ படுகையிலும் மரம் வெட்டுவதற்காகப் போடப்பட்ட பாதைகளின் நிலையும் இதுதான்: வேலை முடிந்து ஆட்கள் வெளியேறியதும் கட்டைப் பாலங்கள் மக்கத் தொடங்கிவிடும். ஆகவே பாலம் இருக்கும் என்று எண்ணிப் போகும் இடத்தில் பாலம் இல்லாமலிருப்பதையும், ஆற்றில் இறங்க நேர்வதையும் எதிர்பாராத விபத்தாகக் கருதாமல், பயணத் திட்டத்தின் இயல்பான பகுதியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஓடும் நீரின் வலிமையைப் பலரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். நீரின் தள்ளுவிசை அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் 0.3 சதுர மீட்டர் பரப்பு நீருக்குள் இருப்பதாகக் கொள்வோம். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில், அதாவது நாம் நிதானமாக நடக்கும் வேகத்தில், ஓடும் நீர் ஏறத்தாழ 15 கிலோ எடைக்கு நிகரான விசையோடு வண்டியைத் தள்ளும். வேகம் 2 மீட்டராக உயர்ந்தால் அது 60 கிலோவாகிவிடும். கரையிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு இந்த இரண்டு வேகங்களுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. இதோடு நீர் பொருள்களை மேலே தூக்கும் மிதப்பு விசையும் சேர்ந்துகொள்கிறது. இருபுறமும் 35 லிட்டர் கொள்ளளவுள்ள, நீர் புகாத பெட்டிகளை மாட்டியிருந்தால், அவை முழுதும் மூழ்கும்போது 70 லிட்டர் நீரை விலக்கி, அந்த அளவுக்கு வண்டியின் பின்பகுதியை மேலே தூக்கும். பின் டயர் தரையைப் பற்றாமல் சுழலத் தொடங்கும் கணத்தில், எவ்வளவு தேர்ந்த ஓட்டுநராக இருந்தாலும் வண்டி அவர் கட்டுப்பாட்டில் இல்லை. இறங்கும் முன்பே பெட்டிகளைக் கழற்றித் தனியாகச் சுமந்து கடப்பது நேரம் பிடிக்கும் வேலைதான். நான் எப்போதும் அதைத்தான் செய்கிறேன்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற சொல் நமக்கு உவமையாகவே பழகிவிட்டது. காட்டாற்றின் கரையில் அதை நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்ள வேண்டும். நடந்து கடக்க முடியாத ஆற்றை வண்டியில் கடக்க முடியாது. உறுதியான கம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, முதுகுப்பையின் இடுப்பு வாரையும் மார்பு வாரையும் கழற்றிவிட்டு, நீர் வரும் திசையைப் பார்த்தபடி பக்கவாட்டில் அடியெடுத்துச் செல்ல வேண்டும். நீர் தொடைக்கு மேல் ஏறினாலோ, நிற்கும்போது கால் நகர்த்தப்படுவதை உணர்ந்தாலோ அங்கேயே திரும்பிவிட வேண்டும். பொதுவாக ஆறு அகன்று சலசலக்கும் இடத்தில் ஆழம் குறைவாகவும், வளைவின் வெளிப்புறக் கரையோரம் ஆழம் மிகுதியாகவும் இருக்கும். சத்தமின்றி வழவழப்பாக ஓடும் குறுகலான பகுதியைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் பலர். கடக்கும் இடத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அருவியோ, பாறை இடுக்கோ, ஆற்றில் விழுந்து கிடக்கும் மரமோ இருந்தால் அந்தத் துறை வேண்டாம்.

விழுந்து கிடக்கும் மரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் கிளைகளுக்கிடையே நீர் புகுந்து போய்விடும். மனித உடல் சிக்கிக்கொள்ளும். நீரின் அழுத்தம் தொடர்ந்து இருப்பதால், சிக்கியவர் தம் பலத்தால் விடுபடுவது மிகக் கடினம். அடித்துச் செல்லப்படும்போது எழுந்து நிற்க முயல்வதும் இதே அளவுக்கு ஆபத்தானது. பாறை இடுக்கில் பாதம் சிக்கினால், நீரோட்டம் உடலை முன்னோக்கிச் சாய்த்து முகத்தை நீருக்குள் அழுத்திவிடும். முழங்கால் ஆழத்திலும் ஆட்கள் மூழ்குவது இப்படித்தான். மல்லாந்து, கால்களை நீரோட்டத் திசையில் நீட்டி, கால்விரல்களை மேலே வைத்து மிதந்தபடி கரைப்பக்கம் ஒதுங்க வேண்டும். மரத்தை நோக்கித்தான் இழுக்கப்படுகிறோம் என்று தெரிந்தால் மட்டும் குப்புறத் திரும்பி, தலை முன்னே இருக்க வேகமாக நீந்தி, அதன் மேல் ஏறிவிட வேண்டும். பாதுகாப்புக்காக ஒருவரின் இடுப்பில் கயிற்றைக் கட்டி ஆற்றில் இறக்குவது நல்லெண்ணத்தோடு செய்யப்படும் கொடிய தவறு. கயிறு இறுகியதும் நீரோட்டம் அவரை நீருக்கடியில் அழுத்தி வைத்துவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்து வண்டியில் இறங்கினால், முதல் கியரில் சீரான வேகத்தில், கண்களை எதிர்க்கரையில் நிறுத்தி, நீரோட்டத்தோடு சற்றே சாய்ந்த கோட்டில் செல்வது நல்லது. ஐயம் இருந்தால் இறங்கித் தள்ளிச் செல்லலாம். அப்போது வண்டிக்கு மேல்புறம், அதாவது நீர் வரும் பக்கம், நிற்க வேண்டும். கீழ்ப்புறம் நின்றால் சாயும் வண்டி நம் மேல் விழும். அதன் எடைக்கும் ஆற்றின் அடித்தரைக்கும் இடையே கால் சிக்கிக்கொள்ளும். நான் பார்த்த கணுக்கால் முறிவுகளிலும், சைலன்சரில் அழுந்திய கெண்டைக்கால் தீக்காயங்களிலும் பல, வேகத்தால் வந்தவை அல்ல. நடக்கும் வேகத்தில் வண்டி காலின் மேல் சாய்ந்ததால் வந்தவை.

வண்டி நீருக்குள் விழுந்துவிட்டால் கை தானாக ஸ்டார்ட்டரைத் தேடும். அதை அழுத்தவே கூடாது. காற்று போகும் வழியாக சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால், நீரை அமுக்க முடியாது என்பதால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நூறு கிலோமீட்டருக்கு மெக்கானிக் இல்லாத காட்டில் அதோடு வண்டியின் பயணம் முடிந்தது. கில் ஸ்விட்சை அணைத்து, வண்டியைக் கரைக்கு இழுத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிய பிறகே என்ஜினைச் சுழற்றி நீரை வெளியேற்ற வேண்டும். ஏர் ஃபில்டரைப் பிழிந்து உலர்த்த வேண்டும். என்ஜின் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் அதில் நீர் கலந்துவிட்டது என்று பொருள். மாற்றாமல் ஓட்டக் கூடாது. இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இயந்திரத்தின் மீதான அக்கறை மட்டுமல்ல. பழுதான வண்டியோடு காட்டில் இரவைக் கழிக்க நேர்கிற, களைத்து நனைந்துபோன மனிதர் அதன்பின் எடுக்கும் முடிவுகள் அவரை என்னிடம் கொண்டுவருகின்றன.

பெரும்பாலான நேரங்களில் சிறந்த சிகிச்சை காத்திருப்பதுதான். வெப்பமண்டலக் காடுகளில் மழை பெரும்பாலும் பிற்பகலில் கொட்டும். சிறிய ஆறுகள் அதிகாலையில் வடிந்திருக்கும். நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவைத்து ஒரு மணி நேரம் பாருங்கள். நீர் ஏறுகிறதா வடிகிறதா என்பதை அது காட்டிவிடும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினாலோ, தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மேலே எங்கோ மழை பெய்திருக்கிறது. உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். அக்கம்பக்கத்தில் குடியிருப்பு இருந்தால் அங்குள்ளவர்களிடம் கேட்பதைவிடச் சிறந்த வழி இல்லை. துறை எங்கே, முதலை உண்டா, படகு கிடைக்குமா என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். வண்டியைப் படகில் ஏற்றினால் வண்டியின் மேல் உட்கார வேண்டாம். கனத்த பூட்ஸையும் ஜாக்கெட்டையும் கழற்றிவிட்டு, மிதவை உடை அணிந்து கடக்க வேண்டும்.

கரையேறிய பின் உடனே செய்ய வேண்டியவை எளியவை. களைப்பில் அவற்றைத்தான் விட்டுவிடுகிறோம். நனைந்த பிரேக் முதலில் பிடிக்காது. மெதுவாக ஓட்டியபடி லேசாக அழுத்தி உலர்த்திய பிறகே இறக்கத்தில் இறங்க வேண்டும். பூட்ஸில் தேங்கிய நீரைக் கொட்டி, சிராய்ப்புகளைச் சுத்தமான நீரால் கழுவி மூட வேண்டும். நாள் முழுதும் ஊறிய பாதம் வெளுத்துச் சுருங்கி, வெடிப்பு விட்டு, கிருமிகளுக்குக் கதவைத் திறந்துவைக்கும். இரவில் அணிய ஒரு ஜோடி உலர்ந்த காலுறையை நீர் புகாத பையில் தனியாக வைத்திருங்கள். அடர்ந்த மரக்கூட்டத்தின் கீழ் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி பல நேரம் தடுமாறும். உதவி கேட்க வேண்டியிருந்தால் வானம் தெரியும் ஆற்றங்கரைக்கு வருவது நல்லது.

இனி அந்த இளைஞரின் நோய்க்கு வருகிறேன். எலி முதலான விலங்குகளின் சிறுநீர் வழியாக லெப்டோஸ்பைரா என்னும் பாக்டீரியா நீரிலும் ஈரமண்ணிலும் கலக்கிறது. வெட்டுக்காயம், ஊறிய தோல், கண், வாய் ஆகியவற்றின் வழியாக அது உடலுக்குள் புகுகிறது. பெரும்பாலும் 5 முதல் 14 நாள்களில் காய்ச்சல் தொடங்கும். ஒரு மாதம் வரையும் தாமதமாகலாம். 2000ஆம் ஆண்டு போர்னியோவின் சபா மாநிலத்தில் நடந்த ஒரு சாகசப் போட்டியில் 304 பேர் கலந்துகொண்டார்கள். பின்னர் தொடர்புகொள்ள முடிந்த 189 பேரில் 80 பேருக்கு இந்த நோய்க்கான அடையாளங்கள் இருந்தன. செகாமா ஆற்றில் நீந்தியதே முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது. அவர்கள் உடல்வலிமை மிக்க விளையாட்டு வீரர்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

தொடக்கத்தில் சாதாரணமான நுண்ணுயிர்க்கொல்லிகளே இதற்குப் பலன் தரும். தாமதித்தால் மஞ்சள்காமாலை, சிறுநீரகச் செயலிழப்பு, நுரையீரலில் இரத்தக்கசிவு வரை போகலாம். ஆற்று நீரில் அதிகம் இறங்க வேண்டிய பயணமாக இருந்தால், முன்தடுப்பாக டாக்சிசைக்ளின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி தேவையா என்பதைப் புறப்படும் முன் மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள். நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். மலேரியா உள்ள பகுதிக்குப் போகிறவர்கள் அதற்கான தடுப்பு மருந்தையும் அதே சந்திப்பில் கேட்டுக்கொள்ளலாம். அப்படிப்பட்ட பகுதியிலிருந்து திரும்பியவருக்கு வரும் காய்ச்சல், வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை மலேரியாவாகவே கருதப்பட்டு அன்றே பரிசோதிக்கப்பட வேண்டும்.

அந்த இளைஞருக்குச் சிறுநீர் குறையத் தொடங்கியிருந்தது. சில நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார், சிறுநீரகம் மீண்டது. அவர் வீட்டுக்குக் கிளம்பும்போது நான் கேட்டுக்கொண்டதையே இதைப் படிப்பவர்களிடமும் கேட்கிறேன். எந்தத் தேதியில் எந்த ஆற்றில் இறங்கினீர்கள், நீர் எவ்வளவு ஆழம், உடலில் எங்கே காயம் இருந்தது என்பதைப் பயணத்தின்போதே ஒரு தாளில் எழுதி, வண்டியின் ஆவணங்களோடு வையுங்கள். திரும்பி வந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், மருத்துவர் கேட்கக் காத்திருக்காமல் அந்தத் தாளை முதலில் அவர் மேசைமேல் வையுங்கள். ஒரு மாதம் கடந்து வந்தாலும், நீங்கள் எந்தக் காட்டுக்குப் போய்வந்தீர்கள் என்பதைச் சொல்லியே பேச்சைத் தொடங்குங்கள்.